வெளிநாட்டில் கடை திறக்குமுன்: ஷார்ஜாவா, தம்மாமா, சிங்கப்பூரா, ஊரிலிருந்தே ஏற்றுமதியா?

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டுச் சம்பளம் நுழையாத தெரு குறைவு. குளச்சல், தேங்காப்பட்டணம் கரைகளிலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போனவர்கள், தக்கலை, திருவிதாங்கோடு, மார்த்தாண்டம் பக்கமிருந்து கடைகளுக்கும் கட்டுமான கம்பெனிகளுக்கும் போனவர்கள், நாகர்கோவிலிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர்கள் என்று இரண்டு மூன்று தலைமுறைக் கதை இது. பத்துப் பதினைந்து வருடம் அடுத்தவர் கடையில் நின்ற ஒருவருக்கு அந்தக் கடையின் கொள்முதல், வாடிக்கையாளர், லாபம் எல்லாம் அத்துப்படி. "இனி நமக்குன்னு ஒரு கடை" என்று அவர் நினைப்பது நியாயமான ஆசை. அந்த ஆசையை மதித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் உறவினர்களும் நண்பர்களும் யோசனை கேட்டு வருவார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி, "எந்த நாட்டில் வரி கம்மி?" வரியை மூன்றாவதாகப் பார்ப்போம் என்பேன். முதலில், லைசென்ஸும் வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும் யார் பெயரில் இருக்கப்போகின்றன? அடுத்து, முதல் போடும் பணம் எந்த வழியாகப் போகப்போகிறது? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்கிற நாடும் முறையும்தான் நமக்கு ஏற்றவை. நான் பார்த்தவரை, வளைகுடாவில் கடை வைத்து நொடித்துப்போன குடும்பங்கள் பலவற்றின் கதையில் அடுத்தவர் பெயரில் எடுத்த லைசென்ஸ் ஒன்று இருந்தது.

ஊரிலிருந்து பணம் போகும் வழி

நாடுகளை ஒப்பிடுமுன் இந்தியச் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது.

ஃபெமா எனப்படும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தைப் பொறுத்தவரை, வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வெளிநாடு போனவர் என்.ஆர்.ஐ. அவர் அங்கே சம்பாதித்த பணத்தை அங்கேயே ஒரு கடையில் போட ரிசர்வ் வங்கியிடம் கேட்க வேண்டியதில்லை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்திய வங்கியில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் சேர்த்து வைத்ததையும் தடையில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். ஊரில் பரம்பரையாக வந்த ரப்பர் தோட்டத்தை விற்றால் மட்டும் கதை வேறு. அந்தப் பணம், இந்தியாவில் கிடைக்கும் பணத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்குக்கு வரும், அதிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை, வரியைக் கட்டி, ஆடிட்டர் சான்றிதழோடு வெளியே அனுப்பலாம்.

ஊரிலேயே இருந்துகொண்டு, அங்கே இருக்கும் மகனோடோ மச்சானோடோ சேர்ந்து கம்பெனி தொடங்க நினைப்பவருக்கு வழி இன்னும் குறுகலானது. 2022 ஆகஸ்டில் வெளிநாட்டு முதலீட்டுக்கான புதிய விதிகள் வந்தன. ஊரில் வசிக்கும் ஒருவர் எல்.ஆர்.எஸ். எனப்படும், தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற உச்சவரம்புக்குள், வெளிநாட்டில் உண்மையாகவே தொழில் நடத்தும் கம்பெனியின் பங்குகளை வாங்கலாம். பணம் அனுப்புமுன் வங்கியில் எஃப்.சி. படிவம் கொடுத்து, அந்த முதலீட்டுக்கென ஒரு அடையாள எண் வாங்க வேண்டும். அனுப்பி ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றைக் காட்ட வேண்டும். அப்புறம் வருடாவருடம் டிசம்பர் 31-க்குள் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கை. ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம் என்றாலும், கடை தொடங்கும் நேரத்தில் அவ்வளவு பணம் முடங்கிக் கிடக்கும். முதலீட்டுத் திட்டம் போடும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இந்த விதிகளுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. நம் பக்கத்தில் அதைக் கவனிப்பவர் குறைவு. நீங்கள் முதலீடு செய்யும் வெளிநாட்டு நிறுவனத்தில் பொறுப்பு வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது கம்பெனிக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்து பொறுப்பாகாத அமைப்பாக இருக்க வேண்டும். அமீரகத்தில் கட்டணம் குறைவு என்று பலர் எடுக்கும் 'சோல் எஸ்டாபிளிஷ்மென்ட்' (ஒரே ஆள் சொந்தப் பொறுப்பில் நடத்தும் தொழில்) லைசென்ஸ் அந்த வகையில் வராது. அங்கேயே இருக்கும் என்.ஆர்.ஐ. அதை எடுக்கலாம். ஊரில் இருப்பவர் அதில் பணம் போட இந்தியச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே குடும்பத்தில் ஒருவராவது இங்கிருந்து பணம் போடுகிறார் என்றால், எந்த நாடானாலும் எல்.எல்.சி. (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) மாதிரியான வடிவம்தான்.

"அப்பா நிலத்தை விற்று மகனுக்குக் கொடுக்கிறார், இதற்கும் படிவமா?" என்று கேட்பார்கள். அன்பளிப்பாகக் கொடுக்கிறார், திரும்ப எதையும் எதிர்பார்க்கவில்லை என்றால் எல்.ஆர்.எஸ். வரம்புக்குள் அன்பளிப்பு என்று சொல்லியே அனுப்பலாம். "கடையில் எனக்குப் பாதி" என்ற பேச்சு இருந்தால் அது முதலீடு. இரண்டையும் குழப்பி, அன்பளிப்பு என்று அனுப்பிவிட்டுப் பிறகு பங்கு கேட்டால் அங்கேயும் இங்கேயும் ஆவணம் கைகொடுக்காது. நகையை அடகு வைத்து அந்தப் பணத்தை முதலீடாக அனுப்பும் பழக்கத்தையும் யோசிக்க வேண்டும்: இத்தகைய மூலதனப் பணப் போக்குக்காக வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்புவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஃபெமாவின் 13-வது பிரிவு, சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், அப்படிப் போன பணத்தை உங்கள் முதலீடு என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாமல் போவது.

அமீரகம்: மெயின்லாண்டா, ஃப்ரீ ஜோனா

நம் ஆட்கள் அதிகம் யோசிக்கும் இடம் இதுதான். விரிவாகவே பார்ப்போம். மெயின்லாண்ட் என்பது நாட்டின் பொதுச் சந்தைப் பகுதி; ஃப்ரீ ஜோன் என்பது தனி விதிகள் உள்ள தொழில் மண்டலம்.

முன்பு மெயின்லாண்டில் எல்.எல்.சி. தொடங்கினால் 51 சதவீதம் உள்ளூர்க்காரர் பெயரில் இருக்க வேண்டும். நம் ஆள் முழுப் பணமும் போடுவார்; காகிதத்தில் 49 சதவீதம்தான் அவருக்கு. தனியாக ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, ஸ்பான்சருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பார். நல்ல அர்பாப் (உள்ளூர் ஸ்பான்சர்) கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். சிலருக்கு அர்பாப் இறந்து, அவருடைய பிள்ளைகள் வந்து பங்கு கேட்ட அன்றுதான் அந்தப் பக்க ஒப்பந்தத்தின் பலம் எவ்வளவு என்று தெரிந்தது. 2020-இல் சட்டத்தைத் திருத்தி, 2021 ஜூன் 1 முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவருக்கு 100 சதவீத உரிமை கொடுத்தார்கள். இப்போது நடைமுறையில் இருக்கும் 2021-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் வணிகக் கம்பெனிச் சட்டமும் அதையே தொடர்கிறது. ஒரே ஆள் உரிமையாளராக எல்.எல்.சி. வைக்கவும் முடியும். அப்படியிருந்தும் பழைய 51–49 ஏற்பாட்டிலேயே கடை நடத்தும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அர்பாபோடு உறவு நன்றாக இருக்கும்போதே கம்பெனியின் ஒப்பந்தப் பத்திரத்தைத் திருத்திப் பங்கைத் தங்கள் பெயருக்கு மாற்றுவது.

நம் கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 100 சதவீத உரிமை எல்லாத் தொழிலுக்கும் இல்லை. பாதுகாப்பு, வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, ஹஜ்–உம்ரா சேவை போன்றவற்றோடு மீன்வளம் சார்ந்த சேவைகளையும் முக்கியத்துவம் வாய்ந்த தொழில்கள் என்று 2021-இல் தனியாகப் பட்டியலிட்டார்கள். மீன்வளப் பகுதி உள்நாட்டவருக்கு மட்டுமே. அங்கே வருடக்கணக்கில் படகில் உழைத்த அனுபவம் எவ்வளவு இருந்தாலும் சொந்தப் பெயரில் அந்தத் தொழிலில் இறங்க முடியாது. "படகு அவர் பெயரில், தொழில் நம்முடையது" என்று யாராவது கூட்டுக்குக் கூப்பிட்டால் விலகி நிற்பது நல்லது.

சரி, பலசரக்கோ சிப்ஸ் கடையோ ஹோட்டலோ என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீ ஜோன் விளம்பரங்கள் கண்ணைப் பறிக்கும்: குறைந்த கட்டணம், விசா, முழு உரிமை, அலுவலகமே வேண்டாம், மேசை போதும். 1985-இல் ஜெபல் அலியில் தொடங்கியது, இன்று ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா என்று எங்கும் இருக்கிறது. ஏற்றுமதி, மறு ஏற்றுமதி, கன்சல்டன்சி, சாப்ட்வேர் போன்ற தொழில்களுக்கு நல்ல வழி. ஆனால் ஃப்ரீ ஜோன் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஷார்ஜாவின் ரோலாவில் கடை திறந்து பொதுமக்களுக்கு விற்க முடியாது. அங்குள்ள மெயின்லாண்ட் கடைகளுக்குச் சரக்குப் போட வேண்டுமென்றால் மெயின்லாண்ட் லைசென்ஸ் உள்ள ஒருவர் வழியாகவோ தனி அனுமதி பெற்றோதான் போக வேண்டும். சரக்கு ஜோனை விட்டு வெளியே வரும்போது சுங்க வரியும் உண்டு. மேசை அளவு அலுவலகம் உள்ள புதிய கம்பெனிக்கு வங்கிக் கணக்கு திறக்க வங்கிகள் மிகவும் தயங்குகின்றன. லைசென்ஸ் கையில் இருந்தும் கணக்கு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம்.

வரியிலும் ஃப்ரீ ஜோன் என்றால் பூஜ்யம் என்ற பேச்சு பாதி உண்மைதான். 2023 ஜூன் 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் கணக்காண்டு முதல் அமீரகத்தில் கம்பெனி வரி உண்டு: 3,75,000 திர்ஹாம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 9 சதவீதம். ஃப்ரீ ஜோன் கம்பெனிக்குப் பூஜ்ய விகிதம், தகுதியான வருமானத்துக்கு மட்டும். அதற்குத் தணிக்கை செய்த கணக்கு உட்படப் பல நிபந்தனைகள். சிறிய கடைக்காரருக்கு மெயின்லாண்டிலேயே ஒரு சலுகை இருக்கிறது. விற்பனை 30 லட்சம் திர்ஹாமுக்குள் இருந்தால், 2026 டிசம்பர் 31-க்குள் முடியும் கணக்காண்டுகள் வரை, வரிக்குரிய வருமானமே இல்லை என்று கருதச் சொல்லிக் கேட்கலாம். பூஜ்ய விகிதம் கோரும் ஃப்ரீ ஜோன் கம்பெனிக்கு இந்தச் சலுகை இல்லை. வரி வராவிட்டாலும் பதிவு கட்டாயம்; தாமதமாகப் பதிந்தால் 10,000 திர்ஹாம் அபராதம். வாட் 5 சதவீதம். வரிக்குரிய விற்பனை ஆண்டுக்கு 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால் அதற்கும் பதிய வேண்டும்.

ஆகவே, மக்களுக்கு நேரே விற்கிற கடை என்றால் மெயின்லாண்ட் எல்.எல்.சி.தான் என்பது என் முடிவு. துபாயின் வாடகை தாங்காது என்றால் ஷார்ஜாவோ அஜ்மானோ பார்க்கலாம். நீங்கள் இன்னொரு கம்பெனி விசாவில் இருந்தால் முதலாளியின் என்.ஓ.சி.யை முன்பே வாங்கிவிடுங்கள். தம்பியை விசிட் விசாவில் வரவழைத்துக் கல்லாவில் உட்கார வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்: 2024 ஆகஸ்டு முதல், பெர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைத்தால் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். ஒரு சிறு கடையின் முழு முதலீடும் அதில் போய்விடும்.

வாடகைக்குப் பின் தேதியிட்ட செக்குகள் கொடுப்பது அங்கே வழக்கம். 2022 ஜனவரி முதல், கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்புவது மட்டுமே குற்றமாகாது என்று மாற்றினார்கள். அதைக் கேட்டுச் சிலர் நிம்மதியாகிவிட்டார்கள். உண்மையில் அந்தச் செக்கை வைத்து நேரே நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. வேண்டுமென்றே கணக்கை மூடுவது, பணம் கொடுக்காதே என்று வங்கிக்குச் சொல்வது போன்றவை இன்றும் குற்றம்தான். ஊருக்கு வந்துவிட்டால் தப்பிக்கலாம் என்ற எண்ணமும் இனி செல்லாது. 2020 ஜனவரி 17 அன்று இந்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ் அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்துவிட்டது. துபாய் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பை நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இங்கே கொடுத்த தீர்ப்பைப்போலவே நிறைவேற்றக் கேட்கலாம். நாகர்கோவிலில் உள்ள வீடு வரை அந்தக் கை நீளும் என்பதை முதல் செக்கில் கையெழுத்துப் போடும்போதே மனதில் வைக்க வேண்டும்.

சவுதி: அழைப்பு அதிகம், கவனமும் அதிகம் வேண்டும்

"தம்மாமில் ஒரு பக்காலா (பலசரக்குக் கடை) விலைக்கு வருது, சவுதி பெயரில் லைசென்ஸ், மாதம் அவருக்கு இவ்வளவு கொடுத்தால் போதும்" என்ற பேச்சு நம் பக்கத்தில் கேட்காத வருடமில்லை. கடை நன்றாக ஓடும், லாபமும் வரும். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குச் சவுதிச் சட்டத்தில் பெயர் தஸத்துர், அதாவது மறைமுக வியாபாரம். 2020-இல் வந்த புதிய சட்டம் அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரியால் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவரை நாடு கடத்தி, திரும்ப வேலைக்கு வர முடியாமல் செய்துவிடுவார்கள். தகவல் கொடுப்பவருக்கு அபராதத் தொகையில் 30 சதவீதம் வரை பரிசும் உண்டு. பக்கத்துக் கடைக்காரரோ கோபத்தில் வெளியேறிய பணியாளரோ ஒரு புகார் எழுதினால் போதும். சட்டத்துக்கு உட்படச் சரிசெய்துகொள்ள 2022 பிப்ரவரி 16 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள்; அது முடிந்து நாளாகிவிட்டது.

நேர் வழியில் போக முடியுமா? முதலீட்டு அமைச்சகத்தில் பதிந்து, வெளிநாட்டவர் முழு உரிமையோடு சேவைத் தொழிலோ உற்பத்தித் தொழிலோ தொடங்கலாம். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய முதலீட்டுச் சட்டம் பழைய லைசென்ஸ் முறையைப் பதிவு முறையாக எளிமையாக்கியிருக்கிறது. ஆனால் வியாபாரம், அதாவது வாங்கி விற்பது என்று வந்தால், முழு அந்நிய உரிமைக்கு 3 கோடி ரியால் மூலதனமும் குறைந்தது மூன்று நாடுகளில் ஏற்கெனவே தொழிலும் கேட்பது நீண்டகால விதி. பக்காலா கனவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெளிநாட்டுப் பங்கின் லாபத்துக்கு 20 சதவீத வரி, 2020 ஜூலை முதல் 15 சதவீத வாட், குறிப்பிட்ட விகிதத்தில் சவுதி நாட்டவரை வேலைக்கு வைக்கும் கடமை என்று மற்றவையும் கூட வரும். இன்ஜினியரிங், பராமரிப்பு, ஐ.டி. போன்ற துறைகளில் நல்ல அனுபவமும் முதலும் உள்ளவருக்குச் சவுதி பெரிய சந்தை. சிறு வியாபாரிக்கு, எவ்வளவு லாபம் காட்டினாலும், நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஓமன், அமீரகத்துக்கும் சவுதிக்கும் நடுவே நிற்கிறது. 2019-இல் வந்து 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த முதலீட்டுச் சட்டம் 100 சதவீத உரிமை தருகிறது. ஆனால் தையல், சலவை, முடிதிருத்தம் போன்ற சிறு தொழில்கள் பலவற்றை ஓமானியருக்கென ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அவ்வப்போது நீண்டுகொண்டே வருகிறது. நம்மவர் பார்க்கும் கடைகளில் நிறைய அந்தப் பட்டியலில் வருவதால், முன்பணம் கொடுக்குமுன் அன்றைய பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

சிங்கப்பூர், கொஞ்சம் மலேசியா

நாகர்கோவில் இளைஞர்களில் சாப்ட்வேர், டிசைன், கணக்கு வேலைகளை வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் செய்பவர்கள் இப்போது அதிகம். அவர்கள் சிங்கப்பூரைக் கேட்கிறார்கள். முழு அந்நிய உரிமைக்குத் தடையில்லை. 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மூலதனம் போதும். கம்பெனி வரி 17 சதவீதம், புதிய கம்பெனிக்கு முதல் சில ஆண்டுகள் நல்ல விலக்கும் உண்டு. சட்டம், நீதிமன்றம் பற்றி நம்பிக்கை வைக்கலாம். ஜி.எஸ்.டி. 2024 முதல் 9 சதவீதம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை.

சிக்கல் ஆளில்தான். சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு இயக்குநராவது இருந்தே ஆக வேண்டும். ஊரில் இருந்தபடி நடத்துபவர், அதற்கென உள்ள சேவை நிறுவனத்திடம் பணம் கொடுத்து ஒருவரைப் பெயருக்கு இயக்குநராக வைப்பார். இது அங்கே சட்டப்படி நடக்கும் ஏற்பாடு, சேவை நிறுவனங்களுக்கு 2025-இல் விதிகளைக் கடுமையாக்கியும் இருக்கிறார்கள். அதனால் கட்டணம் ஒவ்வொரு வருடமும் ஓடிக்கொண்டே இருக்கும். தானே அங்கே போய்விடலாம் என்றால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வேண்டும். 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி மாதச் சம்பளம் காட்ட வேண்டும், வயது கூடக் கூட அந்தத் தொகையும் கூடும். புதிதாகத் தொடங்கிய சிறு கம்பெனி தன் முதலாளிக்கே அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது கஷ்டம். சேவைக்குப் பணம் வாங்கும் தொழில் வளர்ந்து, வாடிக்கையாளரே "உள்ளூர்க் கம்பெனியோடுதான் ஒப்பந்தம்" என்று சொல்லும் நிலை வந்த பிறகு சிங்கப்பூர் பொருத்தம். அதுவரை நாகர்கோவிலிலேயே கம்பெனி வைத்து வெளிநாட்டுக்கு பில் போடுவதில் ஒரு குறையும் இல்லை.

மலேசியாவில் தனிநபர் வியாபாரப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டும். வெளிநாட்டவர் கடையோ உணவகமோ திறக்க செண்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட்) கம்பெனி, அங்கே வசிக்கும் ஒரு இயக்குநர், 10 லட்சம் ரிங்கிட் மூலதனம், அதற்கான தனி அனுமதி எல்லாம் வேண்டும். நம் அளவுக்கு அது பெரிது.

கம்பெனியே திறக்காமல்

இந்த வழியைப் பேசினால் கேட்பவர் முகம் கொஞ்சம் வாடும். கையில் வெளிநாட்டு லைசென்ஸ் இருக்கும் பெருமை இதில் இல்லைதான். ஆனால் நேந்திரங்காய் சிப்ஸ், தேன், கிராம்பு, தேங்காய்ப் பொருட்கள், கருப்பட்டி விற்க நினைப்பவர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே தேவையான காகிதங்கள் குறைவு. ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ். ஜி.எஸ்.டி.யில் உறுதிப் பத்திரம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். இந்தியா–அமீரகம் வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வரும் பொருளாக இருந்து, பிறப்பிடச் சான்றிதழ் இணைத்தால் அங்கே இறக்குமதி செய்பவருக்குச் சுங்கவரி குறையும் அல்லது இல்லாமலே போகும். லேபிளில் அரபி கட்டாயம். சேர்க்கப்பட்ட பொருட்கள், தயாரிப்பு நாள், காலாவதி நாள் எல்லாம் அதில் வர வேண்டும். மார்த்தாண்டம் தேனுக்கும் குமரி மட்டி வாழைக்கும் ஈத்தாமொழித் தென்னைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டைப் பாட்டிலில் போட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தே வாங்குவார்கள் என்பதால் அந்தச் சிரமத்தைப் படலாம்.

சட்டத்தில் கவனிக்க வேண்டியது வாங்குபவரோடு போடும் ஒப்பந்தம். "எனக்கு மட்டும்தான் சரக்குத் தர வேண்டும்" என்று கேட்பார். எத்தனை ஆண்டுக்கு, எந்த எமிரேட்டுக்கு, ஆண்டுக்குக் குறைந்தது எவ்வளவு வாங்குவார் என்று எழுதாமல் அதற்குத் தலையாட்டக் கூடாது. அமீரகத்தில் பதிவு பெற்ற வணிக முகவரைச் சட்டம் நன்றாகப் பாதுகாக்கிறது. பதிந்துவிட்டால் நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. பிராண்டின் பெயரை அங்கே உங்கள் பெயரில் பதியுங்கள். இந்திய டிரேட்மார்க் அமீரகத்தில் செல்லாது. இந்தியா 2013-இலும் அமீரகம் 2021-இலும் மாட்ரிட் முறையில் (பல நாடுகளில் டிரேட்மார்க் பதிய ஒரே விண்ணப்பம் போடும் முறை) சேர்ந்திருப்பதால் இங்கிருந்தே விண்ணப்பிக்க முடியும். நீங்கள் பதியாத பெயரை விநியோகஸ்தர் தன் பெயரில் பதிந்துகொண்டால், பிற்பாடு நீங்களே கடை திறக்கும்போது உங்கள் சொந்தப் பெயரைப் போட முடியாமல் போகும்.

இரண்டு மூன்று ஆண்டு இப்படி அனுப்பினால் எந்தச் சரக்கு ஓடுகிறது, யார் பணம் சரியாகத் தருகிறார் என்று தெரிந்துவிடும். அப்புறம் மெயின்லாண்ட் எல்.எல்.சி. தொடங்கினால், வங்கியில் காட்ட வியாபார வரலாறும் கையில் இருக்கும். ஏற்கெனவே அங்கேயே வேலையில் இருந்து, கையில் சேமிப்பும் கடை அனுபவமும் உள்ளவர் இந்தப் படியைத் தாண்டி நேரே எல்.எல்.சி.க்குப் போகலாம்.

மூடும்போதும், முதலாளி இல்லாமல் போகும்போதும்

தொடங்கும் செலவை எல்லோரும் விசாரிக்கிறார்கள், மூடும் செலவை யாரும் கேட்பதில்லை. வியாபாரம் சரியில்லை என்று லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு ஊருக்கு வருபவர் பெயரில் அபராதம் ஏறிக்கொண்டே போகும். கலைப்பு அதிகாரியை நியமித்து, பணியாளர் விசாக்களை ரத்து செய்து, அவர்களின் பணிக்கொடையைக் கொடுத்து, வரிப் பதிவையும் நீக்கினால்தான் கம்பெனி மூடியதாகும். அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

உரிமையாளர் திடீரென்று இறந்தால் கணக்குகள் முடங்கும். குழித்துறையில் இருக்கும் மனைவி வாரிசுச் சான்றிதழோடு அலைய வேண்டி வரும். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையில் மற்ற நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் அமீரகம் சேராததால், சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று அடுத்தடுத்து முத்திரை வாங்க வேண்டும். சவுதியும் சிங்கப்பூரும் அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் அங்கே ஒரு அப்போஸ்தில் போதும். முஸ்லிம் குடும்பங்களுக்கு அங்கே இஸ்லாமிய வாரிசுமுறை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 2023 பிப்ரவரி 1 முதல் தனிச் சட்டம் இருக்கிறது: உயில் இல்லையென்றால் பாதி மனைவிக்கு அல்லது கணவனுக்கு, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. ஊரில் இருக்கும் அப்பா பணம் போட்டு அது மகன் பெயரில் மட்டும் நின்றிருந்தால், இந்தப் பாகப் பிரிவினையில் அவர் பணம் கணக்கிலேயே வராது. பங்கு உள்ளவர் ஒவ்வொருவரின் பெயரும் முதல் நாளே கம்பெனிப் பத்திரத்தில் இருக்க வேண்டும். உயிலையும் அங்கேயே பதிய வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் துபாயில் 2015 முதலே இதற்கென டி.ஐ.எஃப்.சி. (துபாய் சர்வதேச நிதி மையம்) உயில் பதிவகம் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கும் அதே மாதத்தில் இதையும் முடித்துவிடுவது நல்லது.